அம்மா எடுத்துக்கொண்ட விரதம்

என் மேல் சாமி வந்தது என்று நம்புகிறவர்கள் செஞ்சியில் இன்னும் இருக்கிறார்கள். கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டு நிற்கும்போது யாராவது ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த மலைமேல் சாமி வந்த பொண்ணு நீதானே என்று கேட்பார். அது சாமி இல்லை, பசி மயக்கம் என்று முன்பெல்லாம் விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்பதாக இல்லை. தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் வாதாடுவது? இப்போது சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆடி மாதம். ராஜகிரி மலையில் இருக்கிற அம்மனுக்கு ஒரு மண்டலம் விரதம் இருக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, கிட்டத்தட்ட வெறும் வயிற்றோடு படியேறிக்கொண்டிருந்தேன். பாதி மலையில் கண் இருட்டியது. கைகால் வெடவெடவென்று நடுங்கியது, பல் கிட்டிக்கொண்டது. பொங்கல் பானையோடு பின்னால் வந்துகொண்டிருந்த நாலைந்து பெண்கள் ஓடிவந்து என்னைத் தாங்கிக்கொண்டார்கள். நடுக்கத்தைப் பார்த்ததும் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஆத்தா வந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். நெற்றி நிறையக் குங்குமம், முகத்தில் மஞ்சள் தண்ணீர், கையில் ஒரு கொத்து வேப்பிலை. மகளுக்கு வரன் எப்போது அமையும் என்று ஒரு அம்மா என்னிடம் குறி கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. "தண்ணி" என்றேன். ஏரிப் பாசனம் உள்ள ஊரிலிருந்து மாப்பிள்ளை வருவான் என்று அவர்களுக்குள்ளேயே அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். தண்ணீரை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பெண்கள் பொங்கல் வைக்க வந்தவர்கள். வைக்காமலே திரும்பினார்கள். பானையைக் குரங்குகளிடம் விட்டுவிட்டு, அத்தனை படியும் என்னை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். என்ன நடந்தது என்று அவர்கள் புரிந்துகொண்டது தப்பு. தூக்கிக்கொண்டு இறங்கியது தப்பில்லையே. அவர்கள் முகங்கள்கூட எனக்குச் சரியாக நினைவில்லை, ஆனால் அவர்களுக்கு நான் நன்றி சொல்லாத ஆடி மாதம் கிடையாது.

எங்கள் நைனாவுக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டிபன் கடை. காலையில் இட்லி, பூரி, மதியம் சாப்பாடு, சாயங்காலம் பரோட்டா. அனந்தபுரத்திலிருந்தும் மண்டகப்பட்டுப் பக்கமிருந்தும் தாலுகா ஆபீஸ் வேலையாக வருகிறவர்கள் எங்கள் கடையில்தான் சாப்பிடுவார்கள். ஊருக்கே சோறு போடுகிற மனுஷனின் ஒரே மகள் சோற்றைக் கண்டால் ஓடுகிறாள் என்றால் வெளியே சொல்ல முடியுமா? விரதம் என்றால் சொல்லலாம். விரதம் என்றால் பெருமை.

இது மலைமேல் ஆரம்பித்ததில்லை. நான் ஐந்தாம் வகுப்பிலேயே வயசுக்கு வந்துவிட்டேன். வகுப்பில் முதல் ஆள் நான்தான். கூடப் படித்த பெண்கள் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நொண்டி ஆடிக்கொண்டிருந்தபோது, என்னைத் தனியாக உட்காரவைத்து உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்புக்குப் பலம் என்று மாமன் வீட்டிலிருந்தும் சித்தி வீட்டிலிருந்தும் தூக்கு தூக்காக வந்தது. உளுந்தங்களி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, ஆசையாகத்தான் செய்து கொடுத்தார்கள். ஆனால் கொடுத்த அதே ஆட்கள் நாலு வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் என்னைப் பார்த்து, கடைப் பரோட்டா எல்லாம் இவள் மேல்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சிரித்தார்கள். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு என் இலையில் இருந்த ஜாங்கிரியை அப்படியே மூடிவைத்துவிட்டு எழுந்தேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் அந்தக் கோபத்தை வெளியே காட்டாமல் என் மேலேயே காட்டிக்கொள்வேன். ஒரு எழுத்து கோணலாகப் போனால் பக்கத்தையே கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவேன். கணக்கில் ஒரு மார்க் குறைந்தால் பேசாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவேன். சின்ன விஷயத்துக்கெல்லாம் மனசு படபடவென்று அடித்துக்கொள்ளும். டீச்சர்களுக்கு நான் தங்கம். "அவளப் பாத்துக் கத்துக்கங்க" என்று மற்ற பிள்ளைகளிடம் சொல்வார்கள். பாவம், என்னத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வது?

பதினொன்றாம் வகுப்பில் டைபாய்டு வந்தது. மூன்று வாரம் கஞ்சியும் ரொட்டியுமாகக் கிடந்து எழுந்தபோது சுடிதார் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. உடம்பு தேறிவிட்டதா என்று ஒருவர் கேட்க வேண்டுமே! பார்த்தவர்கள் எல்லாரும், ஜுரம் வந்தாலும் வந்தது, பொண்ணு லட்சணமாகிவிட்டாள் என்றார்கள். பரோட்டா என்று சிரித்தவர்களும் சொன்னார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் ஒரே வாரத்தில் என்னைப் பாராட்டியது அதற்கு முன்னால் கிடையாது, முதல் ரேங்க் வாங்கினபோதுகூடக் கிடையாது. அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் நாள்காட்டி கைகொடுத்தது. வெள்ளிக்கிழமை அம்மனுக்கு, சனிக்கிழமை பெருமாளுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருவுக்கு. நடுவில் கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம், ஏகாதசி, அமாவாசை. தேதித் தாளைக் கிழித்தால் ஏதாவது ஒரு சாமி நின்றுகொண்டிருக்கும். எங்கள் வீட்டில் விரதத்துக்குக் குறுக்கே யாரும் பேச மாட்டார்கள். இட்லி வைத்தால் விரதம் என்பேன், தட்டு தானாக நகர்ந்துவிடும். பத்தியம் என்றோ டயட் என்றோ சொல்லியிருந்தால் அம்மா கரண்டியாலேயே போட்டிருப்பாள். சாமி பெயரைச் சொன்னதால் அக்கம்பக்கத்தில் போய்ப் பெருமை பேசினாள். இந்த வயசில் யாருக்கு இவ்வளவு பக்தி வரும் என்று கேட்டுக் கேட்டு வந்தாள்.

நைனா மட்டும் சந்தேகமாகப் பார்ப்பார். கல்லாவில் உட்கார்ந்தபடியே, "இன்னா சாப்ட?" என்று கேட்பார். சாப்பிட்டுவிட்டேன் என்பேன். ஒரு நிமிஷம் முகத்தையே பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குச் சில்லறை கொடுக்கப் போய்விடுவார்.

மலையில் மயங்கி விழுந்ததோடு எல்லாம் வெளிச்சத்துக்கு வந்திருக்க வேண்டும். நேர்மாறாக நடந்தது. சாமி வந்த பொண்ணு என்று பெயராகிவிட்டது. கடைக்குச் சாப்பிட வருகிறவர்கள் நைனாவிடம் என்னைப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். தெருவில் இரண்டு பேர் காலில் விழ வந்தார்கள், நான் ஓடிவிட்டேன். மாதவிலக்கு நின்று பல மாதமாகியிருந்தது. அதையும் சாமி சுத்தமாக வைத்திருக்கிறது என்றாள் பக்கத்து வீட்டம்மா. எனக்கும் அப்படி நம்பப் பிடித்திருந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது, வெயிலில் நின்றாலும் குளிரியது, கண்ணாடியில் பார்த்தால் மட்டும் இன்னும் குண்டாகத்தான் தெரிந்தேன். அது எப்படி என்று கேட்காதீர்கள். அப்படித்தான் தெரிந்தது, சத்தியமாக.

மண்டலம் பாதிகூட முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா எனக்கு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தேன். அன்றைக்கு விடவில்லை. தலையில் கை வைத்தாள், கை நிறைய முடி வந்தது. முதுகுக்கு வந்தாள். முதுகெலும்பு முடிச்சு முடிச்சாக நின்றது. பிறந்த குழந்தைக்கு இருக்கிற மாதிரி மெல்லிய பூனைமுடி முதுகு முழுக்க முளைத்திருந்தது. அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் அம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் வெந்நீர் ஊற்றினாள், துவட்டினாள், புடவைத் தலைப்பால் என்னைச் சுற்றி மூடினாள்.

மறுநாள் காலையில் அம்மாவைக் காணோம். வெயில் ஏறின பிறகு நெற்றியில் குங்குமத்தோடு மலையிலிருந்து இறங்கி வந்தாள். கடையில் நின்றபடியே நைனாவிடம் சொன்னாள்:

"அவ வேண்டுதல நான் எடுத்துக்கிட்டேன். இவ ஒடம்பு தேற வரைக்கும் நான் ஒருவேள சாப்பாட்டோட இருக்கேன்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டேன். இனிமே இவ விரதம் இல்ல."

எங்கள் பக்கத்தில் இது உண்டு. பிள்ளைக்கு முடியவில்லை என்றால் பிள்ளையின் வேண்டுதலைத் தாய் தன் தலையில் ஏற்றுக்கொள்ளலாம், சாமி ஒத்துக்கொள்ளும் என்பார்கள். எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! என் பையிலிருந்து எதையோ திருடிவிட்ட மாதிரி அம்மாவைக் கரித்துக்கொட்டினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னை ஆட்டோவில் ஏற்றி ஊரிலிருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு டாக்டர் என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். மறுபடியும் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, நைனாவைக் கூப்பிடச் சொன்னார். இதயம் ரொம்ப மெதுவாக அடிக்கிறது, இப்படியே விட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் நின்றுபோகலாம், இன்றைக்கே புதுச்சேரிக்குப் போங்கள் என்றார். நைனா கடையைப் பாதி வியாபாரத்தில் பூட்டிவிட்டு வந்தார்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படுக்கையில் போட்டு, உடம்பைக் கொஞ்சம் நிதானத்துக்குக் கொண்டுவந்த பிறகு, மனநல டாக்டர் எங்கள் மூன்று பேரையும் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துப் பேசினார். நடுவயசுப் பெண், மெதுவாகப் பேசுவார். ஏன் சாப்பிடவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. வேறு என்னென்னவோ கேட்டார். அம்மாதான் பதில் சொன்னாள். என் பொண்ணு மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நிரூபிக்க வந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்.

எப்போது வயசுக்கு வந்தாள் என்று டாக்டர் கேட்டார். ஐந்தாவதிலேயே, எங்கள் தெருவிலேயே இவள்தான் முதல் என்றாள் அம்மா. படிப்பு எப்படி? எப்போதும் முதல் ரேங்க், ஒரு மார்க் குறைந்தால்கூட சோறு தண்ணி இல்லாமல் அழுவாள். குணம்? எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள், எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்வாள், அவ்வளவு நல்ல பிள்ளை. உடம்பைப் பற்றி யாராவது கிண்டல் பண்ணுவார்களா? சொந்தக்காரங்கதானே டாக்டரம்மா, சும்மா விளையாட்டுக்கு. முன்னால் எப்போதாவது மெலிந்திருக்கிறாளா? ஜுரத்தில் மெலிந்தாள், அப்போதுதான் பார்க்க லட்சணமாக இருந்தாள். விரதம்? பத்து வயசிலிருந்தே வெள்ளிக்கிழமை இருப்பாள், இப்போது வாரம் முழுக்க இருக்கிறாள், சாமி இவள் மேல் வந்திருக்கிறது, மலையிலே எல்லாரும் பார்த்தார்கள்.

டாக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி எழுதிக்கொண்டார். அம்மாவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பரீட்சையில் தப்பான பதில் எழுதிக்கொண்டிருப்பது பாதியில் தெரிந்துவிட்டால் வருகிற தயக்கம் அவள் முகத்தில் வந்தது. கடைசியாக, வீட்டில் வேறு யாராவது இப்படிச் சாப்பிடாமல் இருந்திருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார்.

இதற்கு மட்டும் அம்மா நைனாவைத் திரும்பிப் பார்த்தாள். நைனாதான் பேசினார்.

"என் தங்கச்சி. இவ மாதிரியேதான். கொறிச்சிக்கிட்டு திரிவா. காத்தக் குடிச்சே உயிர் வாழ்றான்னு ஊர்ல சிரிப்பாங்க. இருபது வயசுல படுத்தவ எந்திரிக்கல. அப்ப இன்னா நோவுன்னே தெரியல எங்களுக்கு."

அந்த அத்தையை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். மாலை போட்டுக் கடையில் மாட்டியிருக்கும். உன்னை மாதிரியே இருப்பாள் என்று சின்ன வயசிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு அது ஒரு பெருமை. நைனா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. எங்கள் நைனா அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சாவு என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் நிஜமாகப் பட்டது. இதயம் நின்றுபோகும் என்று டாக்டர் சொன்னபோதுகூட உறைக்கவில்லை.

அம்மா கேட்டாள், "அப்ப நான் பெருமையா நெனச்சதெல்லாந்தான் நோவா டாக்டரம்மா?"

இல்லை என்றார் டாக்டர். அவர் சொன்னதை நான் இன்றைக்கும் கிட்டத்தட்ட அப்படியே சொல்ல முடியும். இதில் எதுவும் தனியாக நோய் கிடையாது. சீக்கிரம் வயசுக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், முதல் ரேங்க் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், விரதம் இருக்கிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். எல்லாருக்கும் இது வருவதில்லை. ரத்தத்திலேயே கொஞ்சம் இருந்து, எதிலும் குறை வைக்கக் கூடாது என்கிற குணமும், சட்டென்று கலங்குகிற மனசும், கேலியும், மெலிந்தால் பாராட்டும், சாப்பிடாமல் இருக்கப் பழக்கமும் ஒரே பெண்ணிடம் வந்து சேரும்போது, வருவதற்கு வழி அதிகம். அவ்வளவுதான். "இவ செஞ்ச தப்பும் இல்ல, நீங்க செஞ்ச தப்பும் இல்ல. இவளுக்கு இனிமே சாப்பாடுதான் மருந்து" என்றார். நோயின் பெயரையும் சொன்னார். அனோரெக்சியா நெர்வோசா. நைனா இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

யாரும் செய்த தப்பு இல்லை என்று அந்த டாக்டரம்மா சொன்னதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒருவர் தலையில் பழி விழுந்திருந்தால், நாங்கள் மூன்று பேரும் வேறு ஆட்களாக ஊர் திரும்பியிருப்போம்.

சில வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் கொஞ்ச நாளைக்குக் கிடையாது, மலையேறுவது கிடையவே கிடையாது. வேளைக்கு வேளை பெற்றவர்கள் கூடவே உட்கார்ந்து சாப்பிட வைக்க வேண்டும், கெஞ்சக் கூடாது, திட்டக் கூடாது, சாப்பிடாமல் எழுந்திருக்க விடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நைனா ஒரு காரியம் செய்தார். கடையின் வருமானமே மதியச் சாப்பாட்டில்தான். அந்த நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். வாசலில் ஒரு அட்டை தொங்கவிட்டார்: சாப்பாட்டு நேரத்தில் கடை இல்லை. சாப்பாட்டுக் கடைக்கு இப்படி ஒரு அறிவிப்பா என்று பஸ் ஸ்டாண்டே சிரித்தது. மனுஷனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றார்கள். நைனா யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

எதிரே உட்கார்ந்திருப்பார். நான் ஒரு பருக்கையை நாலாகப் பிய்ப்பேன். அவர் பேசாமல் தன் சோற்றைச் சாப்பிடுவார், மெதுவாக, நான் முடிக்கும்வரை அவரும் முடிக்காமல். நான் பேசின பேச்சு கொஞ்ச நஞ்சமல்ல. என்னைக் கொழுக்கவைத்துக் கொல்லப் பார்க்கிறீர்கள் என்றேன். உங்கள் யார் மூஞ்சியிலும் இனி முழிக்க மாட்டேன் என்றேன். ஒருநாள் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். சாம்பார் ரேஷன் அரிசி மூட்டை வரைக்கும் தெறித்தது. நைனா எழுந்தார். துணியை எடுத்துத் துடைத்தார். உள்ளே போய் இன்னொரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"ஆறிட்டுது போலக்கீது, சூடா கொண்டாந்துட்டேன்" என்றார்.

ஆறிப்போனதால்தான் நான் தட்டை வீசினேன் என்பது மாதிரி! அதற்கு மேல் அந்த மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது? சாப்பிட்டேன். அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன். நோய் என்னை விட்டுப் போன நாள் என்று ஒன்றைச் சொல்ல முடியாது, ஆனால் நைனா விட்டுக்கொடுக்காத நாள் என்று கேட்டால் எல்லா நாளையும் சொல்லலாம்.

அம்மாவின் கதை வேறு. அவள் பரிமாறுவாள், பக்கத்தில் உட்காருவாள், அவள் தட்டில் மட்டும் ஒன்றும் இருக்காது. நான் அப்பவே சாப்ட்டேன் என்பாள். அந்தப் பொய்யில் எனக்குத் தெரியாத சந்து பொந்து உண்டா? விரதத்தை அவள் விடவே இல்லை என்று தெரிந்தது. என் உடம்பு தேறும் வரைக்கும் என்றல்லவா ஆத்தாவிடம் சொல்லியிருந்தாள். என் உடம்பு எங்கே ஒரு மண்டலத்தில் தேறியது? மாதம் போய்க்கொண்டே இருந்தது. அவள் வளையல் முழங்கைக்கு ஏறியது. காது ஓரம் குழி விழுந்தது. கடையில் மாவாட்டும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சாப்பிடு என்றால், "நான் விட்டா அது உன்மேல திரும்பி வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். நிஜமாகவே அப்படி நம்பினாள்.

ஒரு காலையில் குழம்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். பிடித்த கையில் எலும்பு தட்டியது.

"எனக்குப் பயமா இருக்குதும்மா. நீ செத்துப்புடுவியோன்னு பயமா இருக்குது. சாப்புடும்மா" என்றேன்.

இந்த இடத்தில் எங்கள் அம்மா சொல்லியிருக்கலாம். இப்பத் தெரியுதா உனக்கு, எனக்கும் இப்படித்தானே இருந்தது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வாய் ஓயாமல் பேசுகிறவள் அதை மட்டும் சொல்லவில்லை. என் கன்னத்தைத் தடவிவிட்டு, வெங்காயம் எரிகிறது, முகத்தைக் கழுவு என்றாள். அன்றைக்கு அவள் சொல்லாமல் விட்டதற்கு நான் பட்டிருக்கிற நன்றிக்கடன் இந்த ஜென்மத்தில் தீராது.

அடுத்த தடவை புதுச்சேரிக்குப் போனபோது நானே டாக்டரிடம் போட்டுக்கொடுத்தேன். வீட்டில் ஒருவர் பட்டினி கிடந்தால் இவள் தேறுவது கஷ்டம், வீட்டில் யாருமே விரதம் இருக்கக் கூடாது என்றார் அவர். சாமிகிட்ட கொடுத்த வார்த்தை ஆயிற்றே என்று அம்மா கையைப் பிசைந்தாள். டாக்டர் சிரிக்கவில்லை, மூடநம்பிக்கை என்று பாடம் எடுக்கவும் இல்லை. சாமிக்குச் சாப்பாட்டுக்குப் பதிலாக வேறு ஏதாவது கொடுக்க முடியாதா என்று மட்டும் கேட்டார். பஸ்ஸில் திண்டிவனம் தாண்டுகிறவரைக்கும் அம்மா யோசித்துக்கொண்டே வந்தாள்.

வந்த அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் முடி இறக்கிவிட்டு வந்தாள். இடுப்பைத் தொடுகிற முடி அவளுக்கு. மலைமேல் ஆத்தாளிடம் சொன்னதை மலையனூரில் போய்க் கொடுத்தால் செல்லுமா என்று கேட்டேன். "எல்லாம் ஒரே ஆத்தாதான், உனக்கு இன்னா தெரியும், போய் தட்டு எடுத்தா" என்று விரட்டினாள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, தனக்கும் சோறு போட்டுக்கொண்டாள். நைனா அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம். அந்தச் சாப்பாட்டில் நான் என் பங்கை முழுக்கச் சாப்பிட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். சாப்பிடவில்லை. கால்வாசி மிச்சம் வைத்து நைனாவிடம் அரைமணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுத்தான் முடித்தேன். ஆனால் அம்மா சாப்பிட்டாள், அது போதும் எனக்கு.

நேர்கோடாக எதுவும் நடக்கவில்லை. பரீட்சையை அடுத்த வருஷம்தான் எழுதினேன். முதல் ரேங்க் வரவில்லை, வீட்டில் யாரும் கேட்கவில்லை. கல்லூரியில் சேர்ந்த புதிதில் மறுபடி சறுக்கினேன், நைனா மறுபடி ஷட்டரை இறக்கினார். பந்தியில் என்னைப் பார்த்துச் சதை போட்டுவிட்டாய் என்று ஒரு பெரியம்மா ஆரம்பித்தபோது, அப்போதுதான் முடி வளர்ந்துகொண்டிருந்த எங்கள் அம்மா, எங்கள் வீட்டில் உடம்பைப் பற்றிப் பேசுவதில்லை அக்கா, குழம்பைப் பற்றிப் பேசுங்க என்றாள். பெரியம்மா மூஞ்சி போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். இப்போது நான் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒன்று சத்துணவு வேண்டாம், இன்றைக்கு விரதம் என்று சொன்னால் நான் பாராட்ட மாட்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

ஆனால் சொல்ல வந்தது கல்லூரி இரண்டாம் வருஷத்தில் ஒரு மத்தியானம். பஸ்ஸில் கண்டக்டரோடு எனக்குப் பெரிய சண்டை. சீட்டில் பையை வைத்ததற்கு எல்லார் முன்னாலும் கத்தினான், நானும் விடவில்லை. கொதித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தேன். அம்மாவிடம் அதைச் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினேன், சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனேன், சொல்லிக்கொண்டே சோற்றுக் குண்டானைத் திறந்து ஒரு தட்டில் போட்டுக் கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவன் இப்படிக் கேட்டான், நான் இப்படிக் கேட்டேன், டிரைவர் திரும்பிப் பார்த்தான், பின்சீட்டு ஆயா எனக்குப் பரிந்துகொண்டு வந்தது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்தபோது அம்மாவிடமிருந்து 'உம்' கொட்டுகிற சத்தம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

அம்மா கரண்டியோடு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் பார்வை என் தட்டில் இருந்தது. தட்டு காலி. யாரும் எதிரே உட்காராமல், யாரும் போடாமல், எதையும் எண்ணாமல் நான் சாப்பிட்டு முடித்திருந்தேன், எனக்கே தெரியாமல்.

அப்புறம் அம்மா, அந்த வீட்டில் அத்தனை வருஷமாகக் கேட்கவே பயந்துகொண்டிருந்த ஒன்றை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சாதாரணமாகக் கேட்பது மாதிரி கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டா?"

"போடு" என்றேன்.